மஞ்சள் மாத்திரை முழங்காலுக்குப் போய்ச் சேருமா?

இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரியூனியன் தீவின் சேந்தாந்த்ரே ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 66 வயது. காரைக்காலிலிருந்து வந்து, மகன் வீட்டில் இருக்கிறார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு இரண்டு முழங்காலிலும் ஆர்த்ரோஸ் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாம் மூட்டுத் தேய்மானம் என்கிறோமே, அதுதான். சர்க்கரை உண்டு. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். மாடி வீடு, படி ஏறி இறங்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் 'குர்குமா' (பிரெஞ்சில் மஞ்சள்) மாத்திரை டப்பாவைக் காட்டி, இது குருத்தெலும்புச் செல்களைக் காப்பாற்றும், ஆராய்ச்சியிலேயே வந்திருக்கிறது என்று சொன்னாராம். தம்பி கேட்பது மூன்று. அது உண்மையா? அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா? நாம்தான் தினமும் குழம்பில் மஞ்சள் போடுகிறோமே, அது போதாதா?

நான் புதுச்சேரிக்காரன். பார்மசி படித்துவிட்டு இந்த ரியூனியன் தீவில் 26 வருடம் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நின்றவன். இந்தக் கேள்வியை அங்கே எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நடுக் கேள்விக்கு முதலில் பதில்: உங்கள் அம்மாவுக்கு அந்த டப்பா வேண்டாம், தம்பி. அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகள்தான் காரணம். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அவ்வளவு நேராக இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். இந்தத் தீவின் சந்தையில் 'சஃப்ரான்' என்று கேட்டால் குங்குமப்பூ வராது, மஞ்சள்தான் வரும். 'சஃப்ரான் பெயி' என்றால் உள்ளூர் மஞ்சள். கறிவேப்பிலை இங்கே 'கலுபிலே' ஆனது, மசாலா 'மசாலே' ஆனது. நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தபோது கூடவே வந்த சொற்கள். மஞ்சளுக்கு மட்டும் ஏனோ நம் சொல் ஒட்டவில்லை. தெற்கே சேன் ஜொசேஃபுக்கு மேலே மலையில் ப்ளேன் தே க்ரேக் என்று ஒரு ஊர் இருக்கிறது. மஞ்சளுக்குப் பேர்போன ஊர், அதற்கென்று விழாவே எடுக்கிறார்கள். அங்கே வாங்கும் பொடியின் வாசனைக்கு நான் அடிமை. ஆனால் அந்தப் பொடியும் டப்பாவில் இருக்கும் மாத்திரையும் ஒன்றல்ல.

மஞ்சள் பொடிக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். 1815-ல் வோகல் என்பவரும் பெல்த்தியே என்பவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். பெல்த்தியே என்றால், பின்னால் 1820-ல் மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்தெடுத்த இருவரில் ஒருவர். பிரான்சில் பார்மசி படித்தவர்களுக்கு அவர் பெயர் பாட்டன் பெயர் மாதிரி. சமையல் மஞ்சளில் குர்குமின் எவ்வளவு என்று பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டிப் பொடி 3 கிராம் என்று வைத்தால், அதில் 90 மில்லிகிராம். நாலு பேருக்கு வைத்த குழம்பில் அந்தத் தேக்கரண்டியைப் போட்டால் ஒருவர் தட்டுக்கு 20, 25 மில்லிகிராம் வரும். மாத்திரைகளிலோ குர்குமினைச் செறிவாக்கி நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அடைத்திருப்பார்கள். குழம்பு போதாதா என்ற கேள்விக்கு எண்ணளவில் பதில் இது: அந்த ஆராய்ச்சிகளில் கொடுத்த அளவுக்குப் பக்கத்தில்கூடக் குழம்பு வராது. அப்படியானால் மாத்திரை வந்துவிடுமா என்பதுதான் சுவாரசியமான விஷயம்.

அதற்கு முன்னால் குருத்தெலும்பைப் பார்த்துவிடுவோம். 'தேய்மானம்' என்ற நம் சொல்லே பாதி தவறான படத்தைத் தருகிறது. செருப்பு தேய்கிற மாதிரி, வண்டி பிரேக் கட்டை தேய்கிற மாதிரி, உரசி உரசிப் போய்விட்டது என்று நினைக்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் அது உயிருள்ள திசு. எடையில் 65-லிருந்து 80 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி இரண்டாம் வகை கொலாஜன் என்ற நார்களும், அவற்றுக்கிடையே தண்ணீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகன் என்ற பொருளும். கயிற்றுக் கட்டிலின் பின்னலுக்குள் ஊறிய பஞ்சை அடைத்து வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நிற்கும்போது நீர் கொஞ்சம் வெளியே போகும், உட்காரும்போது உள்ளே வரும். இந்த முழுக் கட்டடத்தையும் பார்த்துக்கொள்பவை கான்ட்ரோசைட் என்ற குருத்தெலும்புச் செல்கள். பருமனில் அவை 2 சதவீதம் அளவுக்குத்தான். ஒரு பெரிய மாளிகைக்கு நாலைந்து வேலைக்காரர்கள்.

அந்த வேலைக்காரர்களுக்கு ரத்தக் குழாய் கிடையாது. நரம்பு கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து கசிந்து வருவதுதான் சாப்பாடு. அவர்கள் கட்டிய கொலாஜனோ எளிதில் புதுப்பிக்கப்படுவதில்லை. அதன் அரை ஆயுள் நூறு ஆண்டுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் கட்டியதை வைத்துத்தான் கடைசிவரை ஓட்டுகிறோம்.

ஆர்த்ரோஸ் வரும்போது என்ன ஆகிறது என்றால், மூட்டின் உள்சவ்விலும் குருத்தெலும்பிலும் இன்டர்லூக்கின்-1பீட்டா, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிச் செய்திகள் பரவுகின்றன. செய்தி கிடைத்ததும் செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற ஒரு புரதம் விழித்துக்கொண்டு உட்கருவுக்குள் போகிறது. அங்கே போய் அது இயக்கிவிடும் மரபணுக்கள், எம்எம்பி-13 போன்ற கொலாஜனை வெட்டும் நொதிகளையும், அக்ரிகனை அறுக்கும் நொதிகளையும், வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான காக்ஸ்-2 என்ற நொதியையும் செய்ய வைக்கின்றன. அதாவது, மாளிகையைப் பராமரிக்க வேண்டியவர்களே கடப்பாரையை எடுத்துக்கொள்கிறார்கள். இதில் வெறும் உரசல் எங்கே இருக்கிறது? வேலியே பயிரை மேய்கிற கதை.

குர்குமின் இந்த இடத்தில்தான் வருகிறது. ஆய்வகத்தில் மனிதக் குருத்தெலும்புச் செல்களை வளர்க்கலாம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த துண்டுகளிலிருந்தும் எடுப்பதுண்டு. அவற்றின்மேல் இன்டர்லூக்கினை ஊற்றினால் செல்கள் மேலே சொன்னபடி வெறிபிடித்து ஆடும். சில செத்தும் போகும். அதோடு குர்குமினையும் சேர்த்தால் ஆட்டம் அடங்குகிறது. என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போவது குறைகிறது, காக்ஸ்-2 குறைகிறது, வெட்டும் நொதிகள் குறைகின்றன, செல் சாவும் குறைகிறது. ஜெர்மனியில் ஷாகிபாயி என்பவரின் குழு 2007-ல் இதை அழகாகக் காட்டியது. அதற்கு முன்னும் பின்னும் பல ஆய்வகங்கள் இதே திசையில் கண்டிருக்கின்றன. ஆக, டப்பா காட்டிய நண்பர் பொய் சொல்லவில்லை. குருத்தெலும்புச் செல்களைக் குர்குமின் காப்பாற்றியது. கண்ணாடித் தட்டில்.

இனி கணக்கு. நான் மருந்தாளுநன், எனக்கு வேதியியலைவிடக் கணக்கு பிடிக்கும். அந்தச் சோதனைகளில் குர்குமின் எவ்வளவு செறிவில் இருந்தது? 50 மைக்ரோமோலார் என்பது அடிக்கடி வரும் எண். லிட்டருக்கு மில்லிகிராம் என்று மாற்றினால் சுமார் 18. சரி, மனிதர் விழுங்கினால் ரத்தத்தில் எவ்வளவு வரும்? 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பார்த்தார்கள். ஆரோக்கியமான ஆட்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். சமையல் மஞ்சளாகச் சொன்னால் 65 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். ரத்தத்தில் வந்தது லிட்டருக்கு 0.006 மில்லிகிராம்; சிலரிடம் அளக்கவே முடியவில்லை. தட்டில் 18, ரத்தத்தில் 0.006. மூவாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் ரத்தத்தில். முழங்கால் குருத்தெலும்புக்குள் ரத்தமே போகாது என்று இப்போதுதான் சொன்னேன்.

இன்னொரு பக்கமும் உண்டு: செறிவைக் கூட்டினால் நல்லதுதானே என்றால், அதே தட்டுச் சோதனைகளில் சிலவற்றில் அதிகச் செறிவு அந்தச் செல்களையே கொன்றிருக்கிறது.

ஏன் இவ்வளவு குறைவாக உடம்பில் ஏறுகிறது? இதை நம் வீட்டுப் பெண்கள் ஆய்வகம் இல்லாமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தால் என்ன ஆகிறது? ரத்தச் சிவப்பாகிறது. சுண்ணாம்பு காரப்பொருள், அதாவது அமிலத்துக்கு எதிரானது; அது பட்டதும் குர்குமினின் அமைப்பு மாறுகிறது, அந்த நிலையில் அது சீக்கிரம் உடையவும் தொடங்குகிறது. நம் உடம்புத் திரவங்களின் கார அளவிலேயே, வெறும் கரைசலில் வைத்தால், அரை மணிக்குள் முக்கால்வாசிக்கு மேல் சிதைந்துவிடுகிறது. ரத்தப் புரதங்களோடு இருந்தால் கொஞ்சம் தாங்கும். இரண்டாவது, தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால்தான் தாளிக்கும்போது எண்ணெயில் போட்ட மஞ்சள் அப்படிப் பிடிக்கிறது. மூன்றாவது, தப்பித்து உள்ளே போகும் துளியையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே சர்க்கரை அமிலம் ஒன்றோடு ஒட்டி வெளியே அனுப்பிவிடுகின்றன.

2017-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் சிலர் சேர்ந்து குர்குமின் பற்றி ஒரு பெரிய மதிப்பீடு எழுதினார்கள், மருந்து வேதியியல் இதழ் ஒன்றில். அவர்கள் சொன்னது இன்னும் காட்டமானது: இந்த மூலக்கூறு பல சோதனைக் குழாய்களில் உண்மையான விளைவு இல்லாமலே விளைவு இருப்பது போலக் காட்டும் குணம் உடையது, தானே ஒளிரும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், அளக்கும் கருவியைக் குழப்பும். நான் அவர்கள் அளவுக்குப் போக மாட்டேன். ஆனால் தட்டில் நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு டப்பா விற்கிறவரைப் பார்த்தால் எனக்கு அந்தக் கட்டுரைதான் ஞாபகம் வரும்.

தட்டு போகட்டும், உயிருள்ள முழங்காலில் யாரும் பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறார்கள், அங்கேதான் ஒரு வேடிக்கை. 2016-ல் ஒரு எலி ஆய்வு வந்தது. முழங்காலில் அறுவை செய்து மூட்டை நிலைகுலையச் செய்து, ஆர்த்ரோஸ் வரவைத்த எலிகள். வாய்வழி குர்குமின் கொடுத்ததில் குருத்தெலும்பு சிதைவது மெதுவானது. வலியில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் மனிதர்களிடம் ஓர் ஆய்வு. முழங்கால் ஆர்த்ரோஸும் மூட்டில் நீர் கோத்த வீக்கமும் இருந்த 70 பேர். பாதிப் பேருக்கு மஞ்சள் சாற்று மாத்திரை தினம் இரண்டு, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை, 12 வாரம். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. மஞ்சள் சாப்பிட்டவர்களுக்கு வலி, 100 மில்லிமீட்டர் அளவுகோலில், போலி மாத்திரைக்காரர்களைவிட 9 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் மூட்டு வீக்கம் குறையவில்லை, குருத்தெலும்பின் தன்மையும் மாறவில்லை. எலிக்குக் குருத்தெலும்பு பிழைத்தது, வலி போகவில்லை. மனிதருக்கு வலி கொஞ்சம் போனது, குருத்தெலும்பு அப்படியே இருந்தது.

எலிக்கும் உங்கள் அம்மாவுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. எலிக்கு மூட்டு கெட ஆரம்பித்த காலத்திலேயே மருந்து போனது. அம்மாவுக்கு எக்ஸ்ரேயில் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் பத்துப் பதினைந்து வருடக் கதையாக இருக்கலாம். 12 வார ஆய்வில் குருத்தெலும்பு மாற்றம் தெரியாமல் போவதற்கும் நியாயம் உண்டுதான். அது மெதுவான திசு. ஆனால் 'காப்பாற்றும்' என்று டப்பா மேல் அச்சடிக்க வேண்டுமானால் மனிதருடைய முழங்காலில் ஒருமுறையாவது காட்டியிருக்க வேண்டாமா?

வலி விஷயத்தில் மஞ்சளுக்கு நான் மரியாதை கொடுப்பேன். தாய்லாந்தில் 367 பேரிடம் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. ஒரு பக்கம் தினம் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, மறு பக்கம் தினம் 1200 மில்லிகிராம் இபுப்ரோஃபென், நாலு வாரம். வலி, நடமாட்டம் இவற்றில் மஞ்சள் இபுப்ரோஃபெனுக்குக் குறைவாக இல்லை; விறைப்பில் மட்டும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வயிற்று உபாதை இபுப்ரோஃபென் சாப்பிட்டவர்களிடம் கூடுதல். நாலு வாரம் என்பது சின்னக் காலம். இருந்தாலும், இபுப்ரோஃபென் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாத ஒருவர் என்னிடம் வந்து ஒரு மாதம் பார்க்கட்டுமா என்றால், பாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வலியைக் குறைக்கலாம் என்று சொல்லித்தான் விற்றேன். குருத்தெலும்பு வளரும் என்று சொல்லி ஒரு டப்பா விற்றதில்லை.

இப்போது மிளகு. பெங்களூர் ஆய்வின் மறுபாதி அதுதான். அதே 2 கிராம் குர்குமினோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தார்கள். ரத்தத்தில் மொத்தமாகக் கிடைத்தது இருபது மடங்கானது, உச்ச அளவு லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் வரை போனது. இந்த 'இருபது மடங்கு' இல்லாத விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. நம்மவர்களுக்குப் பெருமை வேறு: பார்த்தீர்களா, பாட்டி பாலில் மஞ்சளும் மிளகும் போட்டது சும்மாவா என்று. இருக்கட்டும். ஆனால் 18 எங்கே, 0.18 எங்கே? இருபது மடங்கு ஏறியும் தட்டில் இருந்ததில் நூறில் ஒரு பங்குதான்.

மிளகு அதை எப்படிச் செய்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கல்லீரலும் குடலும் அந்நியப் பொருள்களை ஒட்டி வெளியே அனுப்பும் என்று சொன்னேனே, அந்த வேலையைப் பைப்பரின் தடுக்கிறது. காவல்காரன் கையைக் கட்டிப்போட்டு ஆளை உள்ளே விடுவது. காவல்காரன் கை கட்டியிருக்கும்போது குர்குமின் மட்டுமா உள்ளே வரும்? வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ப்ரொப்ரனலால், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் இவற்றின் ரத்த அளவும் பைப்பரினால் ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள். ரசத்தில் போடும் மிளகைப் பற்றி நான் பேசவில்லை, தம்பி. தினமும் மாத்திரையாகப் போகும் செறிவான சாற்றைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் அம்மா ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரையின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. குர்குமினுக்கே ரத்தம் உறைவதைக் குறைக்கும் குணம் லேசாக உண்டு என்பது வேறு.

பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமை ஆன்செஸ் 2022 ஜூனில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மஞ்சள் அல்லது குர்குமின் கலந்த துணைமாத்திரைகளால் வந்திருக்கலாம் என்று நூற்றுக்கு மேற்பட்ட பக்கவிளைவுப் புகார்கள் அவர்களுக்கு வந்திருந்தன. அவற்றில் 15 கல்லீரல் அழற்சி. இத்தாலியில் அதற்கு முன்பே இருபது பேர் அளவுக்குக் கல்லீரல் அழற்சி. பித்தப்பை, பித்தக்குழாய் கோளாறு உள்ளவர்கள் வேண்டாம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, புற்றுநோய் மருந்து, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம் என்றார்கள். ஐரோப்பிய அளவில் ஒரு நாளைக்கு ஏற்கக்கூடியது என்று வகுத்திருப்பது உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் குர்குமின். 60 கிலோ ஆளுக்கு 180. உடம்பில் அதிகமாக ஏறும்படி செய்த மாத்திரை என்றால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. உள்ளே ஏறாது என்பதுதான் அத்தனை நாள் மஞ்சளின் பாதுகாப்பாக இருந்தது, அதை நாம்தான் உடைத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளைக் கண்காணிக்கும் குழு மஞ்சளோடு தொடர்புடைய 10 பேரை அலசியது. ஒருவர் இறந்துபோனார். 10 பேரில் 7 பேருக்கு ஒரே மரபணு அடையாளம் இருந்தது. ஆகவே இது எல்லாருக்கும் வருவதில்லை, யாருக்கு வரும் என்று முன்கூட்டி முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

நானும் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒருவர், இணையத்தில் வாங்கிய மிளகுச் சாறு சேர்ந்த மாத்திரையை இரண்டு மாதம் சாப்பிட்டிருக்கிறார். கண் மஞ்சளாக, உடம்பெல்லாம் அரிப்போடு வந்து நின்றார். 'மஞ்சள் உடம்பில் நல்லா ஏறியிருக்கு போல' என்று சிரித்தார். ஏறியது மஞ்சள் இல்லை, மஞ்சள் காமாலை. அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கல்லீரல் எண்கள் எங்கேயோ இருந்தன. மாத்திரையை நிறுத்தியதும் சில வாரத்தில் சரியானது. அவர் எங்களிடம் கொடுத்த மருந்துப் பட்டியலில் அந்த மாத்திரை இல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, 'அது மருந்தா? மஞ்சள்தானே' என்றார். அந்தப் பதிலை நான் மறக்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு அடுத்து யாராவது குளுக்கோசமைன் என்று ஒரு டப்பா காட்டுவார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆன்செஸ் 2019-ல் அதைப் பற்றியும் சொல்லியிருக்கிறது: சர்க்கரை உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், சில வகை ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள், இறால் நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டும். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை ஒன்றே போதும்; அவருடைய உறைவுத் தடுப்பு மாத்திரையும் அந்த வகையானால் இரண்டு காரணம். இபுப்ரோஃபெனும் அவராக வாங்கி விழுங்கக் கூடாது. உறைவுத் தடுப்போடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். தாய்லாந்து ஆய்வைக் காட்டி, ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று என்று யாரும் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாதவை.

அப்போ என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். டாக்டரிடம் கினேவுக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, ஒரு ஒர்தொனான்ஸ் (மருத்துவர் சீட்டு) கேளுங்கள். குர்குமா டப்பாவுக்கு செகு (அரசு மருத்துவக் காப்பீடு) ஒரு காசு தராது, கினேவுக்குத் தரும். தொடையின் முன்பக்கத் தசை பலமானால் முழங்காலுக்கு விழும் அடி குறையும். ஆர்த்ரோஸுக்கு எந்த நாட்டு வழிகாட்டியை எடுத்தாலும் முதல் வரிசையில் உடற்பயிற்சிதான் இருக்கும், மாத்திரை பிறகுதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணிவிட்டு இறக்குவதை அம்மா டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். குருத்தெலும்புக்குச் சாப்பாடு கசிந்துதான் வருகிறது என்றேனே, மூட்டு அசைந்தால்தான் அந்தப் பஞ்சு பிழியப்பட்டு மறுபடி ஊறும். அதனால் வலிக்கிறது என்று அசையாமல் உட்காருவது, இருக்கிற நாலு வேலைக்காரர்களையும் பட்டினி போடுவது.

எடை கூடுதலாக இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று பெருக்கிப் பாருங்கள். இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் நிற்கிற மாத்திரை எதுவும் என் அலமாரியில் இருந்ததில்லை. தண்ணீரில் நடப்பது இன்னும் சுகம். இடுப்பளவு நீரில் உடம்பின் பாரம் பாதியாகிவிடும். உங்கள் பக்கம், கிழக்குக் கரையில், கடலில் இறங்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மேற்கே எர்மித்தாழ் லகூனுக்கு, அந்த அலையடங்கிய ஆழமில்லாத கடலுக்கு, கூட்டிக்கொண்டு போங்கள், கரையோரமாக அரை மணி நடக்கட்டும். புடவையோடுதான் இறங்குவேன் என்றால் புடவையோடே இறங்கட்டும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

வலி தாங்காத நாளுக்கு என்ன எடுக்கலாம், மேலே தடவும் ஜெல் சரிப்படுமா என்பதை அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடமோ உங்கள் பார்மசியிலோ கேளுங்கள். ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த லேகியம், சூரணம், சந்தையில் திசானேர் (உள்ளூர் மூலிகைக்காரர்) கட்டிக் கொடுத்த இலைக்கட்டு, எல்லாம் அந்தப் பையில் இருக்கட்டும்.

குழம்பில் மஞ்சளை நிறுத்த வேண்டாம். உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்காகச் சமையல் மஞ்சளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. 20 மில்லிகிராம் சமாச்சாரம் அது. பாலில் ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பதும் அப்படியே. முழங்காலுக்குக் குழம்பு வைத்தியம் என்று நினைக்காமல், குழம்புக்காகக் குழம்பு சாப்பிடட்டும்.

கடைசியில் ஒன்று எழுதியிருந்தீர்கள், அம்மா இரவில் மஞ்சளைக் குழைத்துச் சூடாக முழங்காலில் பற்றுப் போடுகிறார், அது சரியா என்று. போடட்டும். தோல் வழியாகக் குருத்தெலும்புவரை குர்குமின் போகிறது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் சூட்டுக்கும், தடவிக்கொடுக்கும் கைக்கும் வலி கேட்கும். கை பொறுக்கிற சூடாக இருக்க வேண்டும்; சர்க்கரைக்காரருக்குச் சூடு உறைக்காமல் கொப்புளம் வந்துவிடும், அதனால் முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள். தோலில் தடிப்போ அரிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள். படுக்கை விரிப்பு பாழாகிறது என்று உங்கள் மனைவி சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் கறை ஆரத்தி மாதிரி சிவந்து பயமுறுத்தும், பயப்பட வேண்டாம், அலசினால் மறுபடி மஞ்சளாகும். ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சமும் ஆகாது. சாயங்காலத்துக்குள் பாதி போய்விடும், மறுநாளும் போட்டால் மீதியும்.